என் சர்வர் திருப்பிவிட்ட மெயில்

புதுக்கோட்டையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் பார்ப்பது என்றால் எல்லாமும்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் கூப்பிடுவது என்னைத்தான். சுவரில் மாட்டிய கேமராவில் பல்லி உட்கார்ந்துகொண்டாலும் என்னைத்தான். இதற்கு நடுவில் ஆபீஸுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வேறு. சும்மா கிடைக்கிற மெயிலை வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். விசிட்டிங் கார்டில் ஆபீஸ் பெயரோடு மெயில் இருந்தால்தான் கௌரவம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்தக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது நான்.

ஒரு முறை எங்களுக்குப் போலி மெயில் ஒன்று வந்தது. சவூதியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கம்பெனியின் பெயரில், விசா தயார், இரண்டு பேரையும் அனுப்பலாம் என்று. கவுன்ட்டரில் இருப்பவர் அதை அப்படியே நம்பிப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து அந்த இரண்டு பேரும் கோவிலில் அர்ச்சனை செய்து, வேன் பிடித்து, குடும்பத்தோடு பெட்டி படுக்கையுமாக ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார்கள். விசாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர்களில் ஒருவரின் அம்மா ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து முதலாளியை வைத வசவு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலாளி உள்ளே வந்து அதை அப்படியே என் மேல் இறக்கி வைத்தார்.

"கண்ட கழுதையும் உள்ள வருதுன்னா ஒன்னைய எதுக்கும்மா வச்சுருக்கேன்? ஒழுங்கா இல்லாத மெயில் ஒன்னுகூட உள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

வேலைக்கு வந்து காத்திருந்த ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். எனக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

அந்தப் போலி மெயிலைப் பிரித்துப் பார்த்தேன். மெயில் என்பது பெரிய மாயமில்லை. மேலே சில வரிகள் இருக்கும்: யார் அனுப்பியது, யாருக்கு, என்ன தேதி, என்ன விஷயம். பிறகு ஒரு வெற்று வரி. அதற்குக் கீழேதான் சொல்ல வந்தது. உலகம் முழுக்க இதுதான் முறை. மோசடிக்காரர்களுக்கு இந்த முறையில் எல்லாம் அக்கறை கிடையாது. அந்த மெயிலில் அனுப்பியவர் வரி இரண்டு தரம் இருந்தது, தேதியே இல்லை. எங்கள் சர்வர் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல், விடுபட்டதைத் தானே நிரப்பி, வாங்கி உள்ளே வைத்திருந்தது. வந்தவனை எல்லாம் உட்காரவைத்து இலை போடுகிற கல்யாண வீடு மாதிரிதான் அது வரைக்கும் அது நடந்துகொண்டிருந்தது.

இனிமேல் அப்படியில்லை என்று முடிவு செய்தேன். மேல் வரிகள் முறையாக இல்லாத எந்த மெயிலும் வாசலோடு திரும்பிப் போகட்டும். அதற்கான விதிகளை எழுதினேன். இப்படி ஒன்றை வைக்கும்போது முதலில் கொஞ்ச நாளைக்கு எதையும் திருப்பாமல், எதையெல்லாம் திருப்பியிருக்கும் என்று குறித்து மட்டும் பார்க்க வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் கோபத்தில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேராகத் திருப்பவே சொல்லி முடுக்கிவிட்டு, இலுப்பூர் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். திருப்பப்படும் மெயிலை சர்வர் வைத்துக்கொள்ளாது. எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எந்த வரியில் இடறியது என்று லாக் என்கிற பதிவேட்டில் ஒரு குறிப்பு மட்டும் விழும்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் திருப்பப்பட்டவை குவிந்து கிடந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றாக யார் பார்ப்பது, எல்லாம் குப்பைதானே என்று மூடிவிட்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போன் வந்தது.

என் அண்ணன் சவூதியில் வெல்டராக இருந்தான். எங்கள் ஆபீஸ் மூலமாகத்தான் போனான், நான்தான் சேர்த்துவிட்டேன். பேசியது அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். "தங்கச்சி, பதறாதம்மா. மேல அடுக்கியிருந்த பைப்பு சரிஞ்சு அண்ணன் மேல விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நெனவு இல்ல, ரத்தம் நெறையா…" அதோடு லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அண்ணனின் போன் கொஞ்ச நேரம் மணி அடித்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது.

பக்கத்தில் மதினி நின்றாள். அண்ணன் பெண்டாட்டி என்றாலும் எனக்கு அவள் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அதனால் எங்களுக்குள் வா, போதான். போனில் வந்த குரல் அவளுக்கும் கேட்டிருக்கிறது. கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள். "ஆத்தாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள், அது ஒன்றுதான். ஆத்தாவுக்கு, எங்களைப் பெற்றவளுக்கு, அப்போதே பிரஷர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சாப்பிட்டோம், பேசினோம், அதில் இரண்டு பேர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டேதான் இருந்தோம்.

வியாழக்கிழமை முதலாளி தன்னால் முடிந்ததெல்லாம் செய்தார். வைய வேண்டிய நேரத்தில் வைவார், ஆனால் ஆளுக்கு ஒன்று என்றால் பதறிவிடுகிற மனுஷன். அண்ணன் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பில் ஒரு கிளார்க் இருந்தார், அவரும் நம்ம அறந்தாங்கிப் பக்கத்து ஆள்தான். அவருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். யாருக்காவது அடிபட்டாலோ, ஏதாவது ஆகிவிட்டாலோ அந்தக் கிளார்க் மெயில் வழியாக ஏஜென்சிக்குத் தெரிவிப்பார், ஏஜென்சி வீட்டுக்குச் சொல்லும். வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதனால்தான் அந்த அறை நண்பரும் பிறகு போனை எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, மெயில் வர வேண்டும். அதில் அண்ணன் இருக்கிறானா இல்லையா என்று இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அன்று முழுக்க மெயில் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏதாவது ஒன்று வந்து விழும்போதெல்லாம் பாய்ந்து திறந்தேன். அது டிக்கெட் கம்பெனியின் விளம்பரமாக இருக்கும், இல்லை மெடிக்கல் சென்டரின் கேள்வியாக இருக்கும். மதினி வீட்டிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆத்தா பக்கத்தில் இருந்தால் "பார்சல் வந்துருச்சா?" என்று கேட்பாள், தனியாக இருந்தால் "மெயில் வந்துருச்சா புள்ள?" என்பாள். இல்லை என்று சொல்லும்போது ஒரு நிம்மதியும் இருந்ததுதான் கொடுமை. வராத வரைக்கும் அவன் உயிரோடு இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆத்தாவிடம் பேங்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு மதினியும் என்னோடு பஸ் ஏறிவிட்டாள். ஆபீஸில் என் மேஜைக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சவூதியில் அன்றைக்கு விடுமுறை. கம்பெனியின் பொது நம்பரை யாரும் எடுக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். முதலாளி விடாமல் அடித்ததில் ஒரு வாட்ச்மேன் எடுத்துவிட்டார். இந்திக்காரர். முதலாளிக்கு இந்தி அரைகுறை, ஆனாலும் கையைக் காலை ஆட்டிச் சத்தமாகப் பேசினார், போனில் கை தெரியுமா என்ன. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தாளுக்கு வேற ஒன்னும் தெரியல. ஆனா மெயில் நேத்தே அனுப்பியாச்சாம்."

"எங்க சார் அனுப்புனாங்க? ஒன்னும் வரல. நான் நேத்துலேருந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அவன் அனுப்பிட்டேங்குறான், நீ வரலங்குற. அப்ப நடுவுல என்ன பூதமா முழுங்குச்சு?"

எனக்குச் சுரீர் என்றது. பூதம்தான் முழுங்கியிருக்கிறது. அதைப் பெற்றுப் பேர் வைத்துச் செவ்வாய்க்கிழமை வாசலில் உட்காரவைத்தவள் நான்தானே.

லாகைத் திறந்தேன். கேம்ப்பின் முகவரியை மூன்று தரம் தப்பாக அடித்தேன். கிடைத்தது. வியாழன் மதியம் வந்திருக்கிறது. வாசலிலேயே திருப்பப்பட்டிருக்கிறது. காரணம், மேல் வரிகள் முறையாக இல்லை. இடறிய வரி எது என்றும் குறிப்பு காட்டியது. அந்த வரியில் ஒரே ஓர் எழுத்து இருந்தது.

உ.

பிள்ளையார் சுழி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்விட்டே கத்திவிட்டேன். "அட கிறுக்குப் பய மனுஷா! மெயிலுக்குக்கூடவா சுழி போடுவாரு?"

பழைய மெயில்களை இழுத்துப் பார்த்தேன். அந்தக் கேம்ப்பிலிருந்து வருபவை எப்போதுமே கொஞ்சம் கோணலாகத்தான் வரும். விஷயம் என்கிற இடம் காலியாக இருக்கும். அனுப்பியவர், பெறுபவர் வரிகள் எல்லாம் கடிதத்துக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஓட்டை கம்ப்யூட்டர் போல என்று நாங்கள் பழகிவிட்டோம். இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு உ. நடந்தது இதுதான். அங்கே மெயிலைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுத்தால் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தள்ளிவிடுகிற ஏற்பாடு. பக்கத்தின் மேலே யார், யாருக்கு என்று எழுத வேண்டும். நம்ம ஆள் அதற்கும் மேலே, முதல் வரியில், சுழியைப் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பருக்குப் போட்டது, கடையில் சாமான் சீட்டுக்குப் போட்டது, சவூதிக்குப் போய் மெயிலுக்கும் போட்டுவிட்டார். எங்கள் சர்வர் முன்பெல்லாம் அதையும் பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டிருந்தது. என் புது விதி வாங்கவில்லை.

"உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா" என்றார் முதலாளி.

"இல்ல சார். திருப்புனா சர்வர் வச்சுக்காது. இந்த ஒரு வரி மட்டுந்தான் இருக்கு."

"தேடிப் பாரேன், எங்கிட்டாச்சும் கெடக்கும்."

"எங்கிட்டும் கெடக்காது சார்!" என்று அவர் மேலேயே பாய்ந்தேன். அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் மதினி பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனைப் பற்றிய சேதி என் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே விடாமல் நானே கதவைச் சாத்தியிருக்கிறேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது. அந்த விதியை உடனே எடுத்துப் போட்டேன். கேம்ப் முகவரிக்கு, தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று எழுதினேன். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் எழுதினேன். பிறகு சும்மா அந்த உ-வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இன்னொரு மெயில் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வருஷம் கோட்டைப்பட்டினம் பக்கத்து ஆள் ஒருவர் அதே கேம்ப்பில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அந்தச் சேதியையும் இதே கிளார்க்தான் அனுப்பினார். அதைப் பார்த்து நான் ஒரு நிமிஷம் ஆச்சரியப்பட்டது நினைவு வந்தது. அது மட்டும் ஒழுங்காக வந்திருந்தது.

தேடி எடுத்துத் திறந்தேன். விஷயம் அதன் இடத்தில் இருந்தது. தேதி அதன் இடத்தில் இருந்தது. எதுவும் தொங்கவில்லை. மேலே சுழி இல்லை.

சாவுச் சேதிக்கு யார் பிள்ளையார் சுழி போடுவார்கள்? கருமாதிப் பத்திரிகைக்குப் போடுவோமா? அந்த மனுஷர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அதை மட்டும் பார்த்து எடுத்திருக்கிறார். அண்ணன் செத்திருந்தால் அந்த மெயில் முறை தவறாமல், என் விதி ஒன்றிலும் இடறாமல், வியாழக்கிழமை மதியமே நேராக உள்ளே வந்து என் முன்னால் விழுந்திருக்கும்.

அப்படியானால் அண்ணன் இருக்கிறான். அடுத்த நொடியே பயமும் வந்தது. பதற்றத்தில் கை பழக்கத்துக்குப் போட்டிருந்தால்? பழைய மெயில் ஒன்றை எடுத்து, சுழியோடு அதன் மேலேயே திருத்தி எழுதியிருந்தால்? ஒரு எழுத்தை நம்பி அவளிடம் போய் உன் புருஷன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் இல்லை என்று சொல்ல நேர்ந்தால் அப்புறம் நான் மனுஷியே இல்லை.

"ஒன் மூஞ்சி ஏன் புள்ள இப்புடிப் போகுது?" மதினி எழுந்து வந்துவிட்டாள். "எதுவா இருந்தாலும் சொல்லிரு. என்னால முடியல."

"இருக்கான்னுதான் நெனைக்கிறேன் மதினி."

"யாரு சொன்னா?"

என்னவென்று சொல்வது. மெயில் சர்வர், விதி, லாக் எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. "பிள்ளையாருதான் சொன்னாரு" என்றேன்.

பளார் என்று தோளில் ஓர் அடி விட்டாள். "எதுல வெளையாடுறதுன்னு இல்லையா ஒனக்கு?"

அவளை உட்காரவைத்து, இரண்டு மெயிலையும் காட்டி, முதலிலிருந்து சொன்னேன். நான் விதி வைத்தது, அது திருப்பியது, எல்லாம். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. திரையில் இருந்த உ-வை விரலால் தொட்டாள்.

"பதட்டத்துல பழக்கதோசத்துல போட்டுருந்தா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் முதலாளி சாப்பாடு வாங்கி வைத்தார், பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. டீ வந்து ஆறிப்போனது. ஆத்தா போன் போட்டு, பேங்கில் இவ்வளவு நேரமா என்று மதினியைக் கேட்டாள். கூட்டம் அத்தை, பெரிய கூட்டம், என்று இவள் சிரித்த மாதிரி பேசினாள். வைத்ததும் முகம் கறுத்துவிட்டது. ஆபீஸுக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அதுவே எனக்கு எழவு வீடு மாதிரி இருந்ததால், எல்லோரையும் சத்தமாகப் பேசச் சொல்லிக் கத்தினேன். முதலாளி வந்து, "அவ சொல்றா, பேசுங்கப்பா" என்றார்.

ஒவ்வொரு மெயிலுக்கும் செத்துச் செத்துப் பிழைத்தேன். இப்போது பயம் வேறு மாதிரி ஆகியிருந்தது. வந்து விழுவது ஒழுங்கான மெயிலாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். ஆயுசுக்கும் ஒழுங்கில்லாத மெயிலைத் திட்டியே பிழைத்தவள், ஒரு கோணல் மெயிலுக்காகக் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தது. விஷயம் காலி. திறந்தால் மேல் வரிகள் எல்லாம் உள்ளே தொங்கின. எல்லாவற்றுக்கும் மேலே உ.

"மதினி!" என்றேன்.

கிளார்க் இங்கிலீஷில் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியிலேயே இருந்ததாகவும், இப்போதுதான் கேம்ப்புக்குத் திரும்பித் தன் மெயில் திருப்பப்பட்டதைப் பார்த்ததாகவும் முதலில் இருந்தது. அடுத்து, ஆளுக்கு நினைவு வந்துவிட்டது, உயிருக்கு ஆபத்து இல்லை என்று. அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னேன். மதினி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். முதலாளி தன் அறையிலிருந்து ஓடி வந்தார்.

அதற்கு அடுத்த வரியைப் படித்தேன். என் வாய் நின்றுவிட்டது.

"இன்னும் என்னமோ இருக்கு" என்றாள் மதினி. "மறைக்காத. முழுசாப் படி."

முதலாளி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் சொல்லப்போவதில்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

"வலது கால் மதினி. முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். நசுங்கிப் போச்சாம், எடுக்காம முடியலையாம்." சொல்லும்போதே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் தேறுனதும் ஊருக்கு அனுப்பி வச்சுருவாங்களாம்."

மதினி அழவில்லை. கூப்பிய கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகி அவளும் அண்ணனும் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்ததெல்லாம் அவனுடைய லீவுகளில்தான். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மிகவும் சன்னமாகக் கேட்டாள்.

"அப்ப இனிமே அவரத் திருப்பி அங்கிட்டுக் கூப்புட மாட்டாங்கள்ல?"